நூறில் ஒரு பங்கு ரயிலுக்கு நாற்பது பேர்

பிள்ளைகளா, உங்க அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று பள்ளிக்கூடத்தில் கேட்டால் "ரயில் செய்யுதாங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறீர்கள். வகுப்பே சிரித்ததாகச் சின்னவள் வந்து சொன்னாள். சிரிக்கட்டும். ஆனால் என்ன ரயில், எவ்வளவு பெரிய ரயில், அதை யார் வாங்குவார்கள் என்று நீங்களாவது சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்காக எழுதுகிறேன். நான் பத்தாவதோடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் பேனாவை எடுத்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

எங்கள் பட்டறை தச்சநல்லூரில் ஒரு அரிசி ஆலைக்குப் பின்னால் இருக்கிறது. நீளமான ஒரே அறை. மொத்தம் மூன்று பேர். பட்டறைக்குச் சொந்தக்காரர் அக்கா. கூடப்பிறந்த அக்கா இல்லை. அப்படிக் கூப்பிட்டுப் பழகிவிட்டது. அவர் பாலிடெக்னிக் படித்து, கோயம்புத்தூரில் அச்சு வடிவமைக்கிற கம்பெனியில் வெகுநாள் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். இரண்டாவது ஆள், வர்ணம் அடிக்கவும் பிளாட்பாரம், சிக்னல், மரம் மட்டை செய்யவும் இருக்கிற தங்கச்சி. அவளும் கூடப்பிறந்தவள் இல்லை. கைவேலை சுத்தம், வாய்த் துடுக்கு அதைவிட. மூன்றாவது நான். இங்கே வருமுன் வீடுகளுக்கு நிலையும் கதவும் செய்துகொண்டிருந்தவன்.

வேலை இப்படி. நான் மரத்தில் ஒரு சின்ன ரயில் பெட்டியைச் செதுக்குவேன். அக்கா அதைச் சுற்றி ரப்பரை ஊற்றி அச்சு எடுப்பார். அந்த அச்சில் ரெசின் என்கிற பிசினை ஊற்றி இறுகவிட்டால் அதே மாதிரி எத்தனை பெட்டி வேண்டுமானாலும் வரும். தங்கச்சி வர்ணம் அடிப்பாள். பெங்களூரில் ஒரு வியாபாரிக்கு இப்படிக் கூரையும் பக்கப் பலகையும் செய்து அனுப்பிக்கொண்டிருந்தோம். அவை எல்லாம் எண்பத்தேழு அளவு. அதாவது நிஜ ரயிலை எண்பத்தேழில் ஒரு பங்காகச் சுருக்கியது. உலகம் முழுக்க அந்த அளவில்தான் அதிகம் பேர் மாதிரி ரயில் வைத்திருக்கிறார்கள்.

ஒருநாள் அக்கா ஒரு துண்டுத் தண்டவாளத்தை என் முன்னால் வைத்தார். கடையில் வாங்கியது. இரண்டு கம்பிக்கும் நடுவே பதினாறரை மில்லிமீட்டர்.

"தம்பி, நம்ம ஊரு ரயிலு எண்பத்தேழுல ஏன் நல்லால்ல, சொல்லுங்க பாப்போம்."

பதிலையும் அவரே சொன்னார்.

"வெளிநாட்டுத் தண்டவாளத்தைவிட நம்ம தண்டவாளம் அகலம். நெஜத்துல ஒண்ணே முக்கால் மீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. அதை எண்பத்தேழால வகுத்தா பத்தொம்பது மில்லிக்கு மேல வரணும். ஆனா கடையில கிடைக்கிறது பதினாறரை. நம்ம வண்டிய அதுமேல வச்சா எப்படி இருக்கும்? பெரிய மனுசன் சின்னப் பிள்ளை செருப்பை மாட்டிக்கிட்டு நிக்க மாதிரி இருக்கும். அதையே நூறால வகுத்துப் பாருங்க."

வகுத்தேன். பதினாறே முக்கால். கடைத் தண்டவாளத்துக்கும் அதற்கும் கால் மில்லிதான் வித்தியாசம். தண்டவாளம் செய்ய வேண்டாம், சக்கரம் செய்ய வேண்டாம், மோட்டார் செய்ய வேண்டாம். எல்லாம் கடையில் இருக்கிறது. வண்டியின் உடம்பை மட்டும் நூறில் ஒரு பங்காகச் செய்தால் நம்ம ஊர் ரயில் நம்ம ஊர் ரயிலாகவே நிற்கும். அதோடு ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர். பள்ளிக்கூட ஸ்கேலை வைத்தே அளந்துவிடலாம். இருபத்தொரு மீட்டர் பெட்டி என்றால் இருபத்தொரு சென்டிமீட்டர். அவ்வளவுதான் கணக்கு.

எனக்குச் சிலிர்த்துவிட்டது. இத்தனை நாள் எல்லார் கண் முன்னாலும் கிடந்த கணக்கு. இந்த அம்மா தண்டவாளத்தைக் கையில் வைத்து உருட்டி உருட்டிப் பார்த்துக் கண்டுபிடித்திருக்கிறார்.

சரி, செய்துவிடலாம். யார் வாங்குவார்கள்? அதுதான் அடுத்த கேள்வி. அக்கா ஒரு அட்டைப்பெட்டியைக் கிழித்துச் சுவரில் ஆணி அடித்து, "யாரு வாங்குவா?" என்று மேலே எழுதினார். டீ குடிக்கிற நேரமெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டே பேசுவோம்.

"ஏற்கெனவே ரயிலு வச்சு ஓட்டுதவங்க" என்றேன் நான்.

"அவங்க கைல இருக்கிறதெல்லாம் எண்பத்தேழு. நம்ம வண்டிய அதுகூடக் கோத்தா சின்னதாத் தெரியும். வாங்க மாட்டாங்க" என்று அக்கா அதன் பக்கத்தில் கேள்விக்குறி போட்டார்.

"ரயில்வேல இருந்து ரிட்டையர் ஆனவுக?"

"நாப்பது வருசம் அதுலயே கெடந்தவுகளுக்கு வீட்டுலயும் ரயிலா? அவுக வீட்டம்மா வெளக்குமாத்தத் தூக்கிருவா" என்றாள் தங்கச்சி. ஆனாலும் அக்கா அதை எழுதினார்.

"நீ வாங்குவியா?" என்று தங்கச்சியைக் கேட்டார்.

"எங்க வீட்டுல நாங்க நாலு பேரு படுத்தா கால நீட்ட எடமில்ல. ரயிலு எங்கன ஓடும்? எம்மேலயா?"

நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. அவர் அப்படித்தான், வேடிக்கைப் பேச்சுக்குள்ளே வேலைக்கு ஆகிறது இருந்தால் எடுத்துக்கொள்வார். மறுநாள் ஒரு மீட்டர் நீளமும் ஒரு சாண் அகலமும் உள்ள பலகையைக் கொண்டுவந்தார். வண்டி சுற்றி ஓடவே வேண்டாம். சுவரில் ஒரு தட்டு மாதிரி மாட்டிக்கொள்ளலாம். அதில் நூறு மீட்டர் ஸ்டேஷன் அடங்கிவிடும். வண்டி வந்து நின்று போகும். "இனிமே சொல்லு, எடமில்லன்னு" என்றார். தங்கச்சி பலகைக்கு வர்ணம் குழைத்தாள்.

இந்தச் சமயத்தில் பெங்களூர் வியாபாரி போன் செய்தார். எண்பத்தேழு அளவில் மூன்று வருடத்துக்கு வேலை தருவதாகவும், ஆனால் பட்டறை வேறு எதையும் தொடக்கூடாது என்றும் சொன்னார். அக்கா யோசிக்கக் கொஞ்சம் தவணை கேட்டார். எங்களிடம் இப்படிச் சொன்னார்:

"ஒரு ஞாயித்துக்கெழம நூறு அளவ ஊருக்குக் காட்டுவோம். வாங்கிக்கிடுதோம்னு நாப்பது ஆளு நோட்டுல பேரு எழுதினா நூறு. ஒண்ணு கொறஞ்சாலும் திங்கக்கெழம பெங்களூருக்குச் சரின்னு சொல்லிருவேன். உங்க ரெண்டு பேரு வீட்டையும் நெனச்சுத்தான் சொல்லுதேன்."

பெங்களூருக்குச் சரி சொன்னால் எங்கள் பிழைப்புக்குக் குறைவில்லை. நூறு அளவு செத்துப்போகும், அவ்வளவுதான். அக்கா முகத்தைப் பார்த்தால் அது "அவ்வளவுதான்" இல்லை என்று தெரியும்.

எஞ்சினை அக்காவே கம்ப்யூட்டரில் வரைந்து செய்தார். பிளாட்பாரம் தங்கச்சி பொறுப்பு. பெட்டி என் பொறுப்பு. நீல நிறப் பழைய பெட்டி. எட்டுப் பெட்டி கொண்ட வண்டியை ஓட்டிக் காட்டுவதாகத் திட்டம். ஞாயிற்றுக்கிழமைக்கு எட்டு நாள் முன்னால், சனிக்கிழமை காலையில், எட்டுப் பெட்டியும் தயார். எஞ்சினில் கோத்துத் தள்ளினோம்.

முதல் பெட்டி பிளாட்பாரத்துக்குள் நுழைந்ததும் கரகரவென்று உரசி நின்றது.

"என்னம்மா, ஒன் பிளாட்பாரம் வயித்தைத் தள்ளிக்கிட்டு நிக்கு? கல்யாண வீட்டுச் சாப்பாடா?" என்றேன்.

"எம் பிளாட்பாரம் ஒழுங்காத்தான் இருக்கு. ஒங்க பெட்டிதான் ஊதிப்போயிருக்கு அண்ணே."

"நான் இருபது வருசமா மரம் இழைக்கேன். எங்கிட்டயா?"

விடவில்லை நான். அவள் உப்புத்தாளை எடுத்துப் பிளாட்பார ஓரத்தை இழைத்தாள். மறுபடி உரசியது. மறுபடி இழைத்தாள். மத்தியானம் வரை அவளை இழைக்கவிட்டுப் பக்கத்தில் நின்று குறை சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் அழகாகப் போட்டிருந்த மஞ்சள் கோடெல்லாம் போய்விட்டது.

அக்கா வந்தார். ஸ்கேலை எடுத்து என் பெட்டி மேல் வைத்தார். இருபத்தொன்றும் சொச்சமும் இருக்க வேண்டிய நீளம் இருபத்திரண்டைத் தாண்டி நின்றது.

"தம்பி, இத எப்படி அளந்திய?"

எப்படி அளந்தேன் என்று சொல்லும்போதே எனக்கு விளங்கிவிட்டது. எங்கள் தொழிலில் ஓர் அங்குலத்தை எட்டாகப் பிரித்து அதில் ஒன்றை நூல் என்போம். புது வீடு கட்டுகிறவர்களுக்கு வாசல் நிலை எப்படி வரும் என்று சின்னதாகச் செய்து காட்டும்போது அடிக்கு ஒரு நூல் என்று வைத்துக்கொள்வோம். ஏழடி நிலை என்றால் ஏழு நூல். கை தானாகச் செய்யும். அக்கா நூறில் ஒரு பங்கு என்று சொன்னபோது, ஓர் அடிக்குத் தொண்ணூற்றாறு நூல், கிட்டத்தட்ட நூறுதானே என்று நான் நினைத்துக்கொண்டேன். அக்கா மில்லிமீட்டரில் கொடுத்த படத்தை மனசுக்குள்ளேயே அடியாக மாற்றி, எழுபதடிப் பெட்டிக்கு எழுபது நூல் வைத்து இழைத்துவிட்டேன். டேப்பில் சென்டிமீட்டர் உள்ள மறுபக்கத்தைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. எட்டுப் பெட்டியும் தொண்ணூற்றாறு அளவு.

தங்கச்சி உப்புத்தாளைக் கீழே வைத்தாள். திட்டியிருந்தால் தேவலை. "நாலு மணி நேரம் இழைச்சேன் அண்ணே" என்று மட்டும் சொன்னாள். நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் ஒரு டீ வாங்கிவரச் சொன்னாள். வாங்கிவந்தேன்.

டீயைக் கொடுத்துவிட்டு அக்காவிடம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். "அக்கா, நூறுக்கும் தொண்ணூத்தாறுக்கும் என்ன பெரிய வித்தியாசம். பிளாட்பாரத்தக் கொஞ்சம் தள்ளி வச்சு ஓட்டிருவோம். வாரவுக யாரு அளக்கப் போறா?"

"அளக்கலாம்னு சொல்லித்தான தம்பி விக்கோம்."

பிள்ளைகளா, அந்த ஒரு வார்த்தைக்காகவே அந்த அம்மாவிடம் காலத்துக்கும் வேலை பார்க்கலாம் என்று அன்று தோன்றியது. அவருக்குக் கோபம் வந்ததா என்று கேட்டால், வந்தது. காது சிவந்திருந்தது. ஆனால் குரல் உயரவில்லை. எட்டுப் பெட்டியையும் ஒரு அட்டைப்பெட்டியில் அடுக்கி, மேலே "96, விற்பனைக்கு இல்லை" என்று எழுதி அலமாரிக்கு மேல் வைத்தார். புது மரக்கட்டையை என்னிடம் நீட்டினார்.

எட்டு நாளில் புதிதாகச் செதுக்கி, ரப்பர் அச்சு எடுத்து, ரெசின் ஊற்றி, இரண்டு கோட் வர்ணம் காய்ந்து வரும்போது இரண்டே பெட்டிதான் தேறியது.

காட்சிக்கு ஒரு சின்னக் கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தைப் பிடித்திருந்தோம். பந்தி மேசைகளை வரிசையாகப் போட்டு அதன்மேல் பேப்பர் விரித்துத் தண்டவாளம். காலை பத்து மணிக்கு அக்கா வண்டியை விட்டார். எஞ்சின், பின்னால் இரண்டு பெட்டி. பிளாட்பாரத்தை உரசாமல், தாள் நுழைகிற இடைவெளியில் போய் நின்றது.

முதலில் வந்தவர் பாளையங்கோட்டை டாக்டர் ஒருவர். மாடி முழுக்க எண்பத்தேழு அளவில் ரயில் வைத்திருப்பவர். குனிந்து பார்த்தார்.

"என்னம்மா, ரெண்டு பெட்டிதானா? கல்யாணத்துக்கு மாப்பிள்ளையும் தோழனும் மட்டும் வந்து எறங்கின மாதிரில்லா இருக்கு."

எஞ்சினை மட்டும் வெகுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "நம்ம வண்டி இப்படித்தான் நிக்கும். அகலமா, அமர்த்தலா. என்கிட்ட இருக்கிறது எதுவும் இப்படி நிக்காது" என்றார். அக்கா நோட்டை நீட்டினார். "இல்லம்மா. இத வாங்கினா என் மாடில இருக்கிறதெல்லாம் எனக்குப் பிடிக்காமப் போயிரும்" என்று கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். அட்டையில் அக்கா போட்ட கேள்விக்குறி சரியாகத்தான் இருந்தது.

மத்தியானம் வரை ஒன்பது பேர். அதில் ஐந்து பேர் ரயில்வேயில் ரிட்டையர் ஆனவர்கள். அதில் ஒருவர் மனைவியோடு வந்தார். அந்த அம்மாவே நோட்டை வாங்கிப் பேர் எழுதினார்கள். தங்கச்சி என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

பிறகு காயல்பட்டினத்துக்காரர் ஒருவர் வந்தார். வளைகுடாவில் வேலை, லீவில் வந்திருக்கிறார். ஒரு மீட்டர் பலகைக்கு முன்னால் நின்றுவிட்டார்.

"இது எவ்வளவு எடம் பிடிக்கும்?"

"இதேதான் அண்ணாச்சி. ஒரு மீட்டர்."

"எங்க ரூம்ல ஏழு பேரு. எனக்குன்னு இருக்கிறது கட்டிலும் அதுக்கு மேல ஒரு தட்டும்தான். தட்டு சரியா ஒரு மீட்டர்" என்று சொல்லிவிட்டுப் போனில் வீடியோ கால் போட்டார். அந்தப் பக்கம் ஒரே இரைச்சல். வண்டியை ஓட்டச் சொல்லிக் காட்டினார். "மாஷா அல்லாஹ், எனக்கும் ஒண்ணு எழுதுடே" என்று யாரோ கத்தினார்கள். அவரையும் சேர்த்து அந்த அறைக்காரர்கள் ஏழு பேர் பெயரும் நோட்டில் ஏறியது. வளைகுடாக் குடும்பங்கள் பிள்ளைகளுக்கு விளையாட வாங்குவார்கள் என்றுதான் நாங்கள் அட்டையில் எழுதியிருந்தோம். கட்டிலுக்கு மேல் தட்டு வைத்திருக்கிற ஆம்பிளை வாங்குவான் என்று எங்கள் மூன்று பேருக்கும் தோன்றவே இல்லை.

நாலு மணி வாக்கில் ஸ்ரீவைகுண்டத்துக் கணக்கு டீச்சர் ஒருவர் வந்தார். எதிர் மண்டபத்துக் கல்யாணத்துக்கு வந்தவர், போர்டைப் பார்த்து உள்ளே நுழைந்திருக்கிறார். தலையில் பூ, கையில் தாம்பூலப் பை. பெட்டியைப் பார்த்துவிட்டு ஹேண்ட்பேக்கைத் திறந்து ஸ்கேலை எடுத்தார். கல்யாணத்துக்கு ஸ்கேலோடு வந்த ஆளை அன்றுதான் பார்த்தேன்.

"இருபத்தொண்ணு புள்ளி மூணு. அப்போ நெஜப் பெட்டி இருபத்தொரு மீட்டரும் முப்பது சென்டிமீட்டருமா?" என்றார்.

"ஆமா டீச்சர்."

"போர்டுல எட்டுப் பெட்டி வண்டின்னு போட்டிருக்கே. மத்த ஆறு எங்க?"

கூடத்தில் இருபது பேருக்கு மேல் நின்றார்கள். அக்கா அந்தப் பக்கம் வயர் மாட்டிக்கொண்டிருந்தார். வர்ணம் காயவில்லை என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. அக்கா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் இஷ்டத்துக்கு விட்டுவிட்டார். நான் சொல்லிவிட்டேன். நூலையும் அடியையும் சொன்னேன். தொண்ணூற்றாறைக் கிட்டத்தட்ட நூறு என்று நினைத்ததைச் சொன்னேன். தங்கச்சியை இழைக்கவிட்டதையும் சொன்னேன்.

"அத நல்லா சத்தமாச் சொல்லுங்க அண்ணே" என்றாள் தங்கச்சி பின்னாலிருந்து. கூடமே சிரித்தது.

டீச்சர் சிரிக்கவில்லை. விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். "பன்னெண்டு அங்குலம், அங்குலத்துக்கு எட்டு. தொண்ணூத்தாறு. ஆமா, சரிதான்" என்று தலையாட்டினார். "அளவுத்திட்டம்னு ஒரு பாடம் நடத்துதேன் அண்ணாச்சி. மேப்பைக் காட்டி, ஒரு சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோமீட்டர்னு சொல்லுதேன். பிள்ளைங்க எழுதிட்டுப் போவுது, மனசுல எறங்கல. கிலோமீட்டர யாரு கண்ணால பாத்தா? ரயில் பெட்டிய எல்லாப் பிள்ளையும் பாத்திருக்கு. நீங்க நூறுன்னு சொன்னது நூறுதான்னா, எங்க பள்ளிக்கூடத்துக்கு ஒண்ணு எழுதிக்கிடுங்க."

அவர் ஸ்கேலை மேசைமேலேயே வைத்துவிட்டு வடை சாப்பிடப் போனார். அதற்குப் பிறகுதான் கூடம் களைகட்டியது. ஆளாளுக்கு ஸ்கேலை எடுத்து அளந்தார்கள். வாசற்படி எவ்வளவு உயரம், ஜன்னல் எவ்வளவு அகலம், "ஜங்ஷன் பாலத்த இதுல செஞ்சா எத்தனை அடி வரும்" என்று ஒருவர் கேட்க, "அடி கிடையாது அண்ணாச்சி, இங்கன சென்டிமீட்டர் மட்டும்தான்" என்று நான் சொல்ல, அக்கா முதல் தடவையாகச் சிரித்தார். அளந்தவர்களில் பாதிப்பேர் பேர் கொடுத்தார்கள்.

விளக்குப் போடுகிற நேரத்தில் எண்ணினோம். முப்பத்தெட்டு. இரண்டு தரம் எண்ணினோம். முப்பத்தெட்டுதான்.

மேசைகளை மடக்கி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனோம்.

திங்கட்கிழமை காலை பட்டறைக்குப் போனபோது அக்கா போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "பத்து மணிக்குக் கூப்பிடுதேன்னு பெங்களூருக்குச் சொல்லியிருக்கேன்" என்றார்.

"அக்கா, நோட்டக் கொடுங்க. எம்பேர எழுதணும்" என்றேன்.

"தம்பி, எண்ணிக்கைக்காக எழுதுத பேரு வேண்டாம். அது நம்மள நாமளே ஏமாத்துதது."

"எண்ணிக்கைக்கு இல்ல. எங்க வீட்டு டிவிக்கு மேல நூத்தி நாலு சென்டிமீட்டர் எடம் கெடக்கு. காலைல அளந்துட்டுத்தான் வாரேன். வாங்குததுக்குத்தான் எழுதுதேன். சம்பளத்துல மாசாமாசம் பையப் பையப் பிடிச்சுக்கிடுங்க."

அவர் என்னை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். நிஜமாகத்தான் சொல்கிறேனா என்று பார்த்தார். பிள்ளைகளா, நிஜமாகத்தான் சொன்னேன். ஐந்தாறு மாதமாக அந்தச் சுவரைப் பார்த்து டீ குடித்திருக்கிறோம். டாக்டர் மாதிரி ரயில் வைத்திருப்பவர்களை எழுதினோம், வளைகுடாவை எழுதினோம், ரிட்டையர் ஆனவர்களை எழுதினோம். அதைக் கையால் செய்கிறவனுக்கு அதன்மேல் ஆசை இருக்கும் என்று ஒருத்தரும் எழுதவில்லை. நான்கூட எழுதவில்லை.

நோட்டு வந்தது. எழுதினேன். முப்பத்தொன்பது.

தங்கச்சி தூரிகையைக் கழுவிக்கொண்டே, "எனக்கும் ஒண்ணு போடுங்க. ஆனா வண்டி வேண்டாம், பிளாட்பாரம் மட்டும். யாரும் இழைக்கச் சொல்லாத பிளாட்பாரமா ஒண்ணு வேணும்" என்றாள்.

"வண்டியில்லாப் பிளாட்பாரத்த வச்சு என்ன செய்வ?" என்று அக்கா கேட்டார்.

"வண்டி லேட்டுன்னு சொல்லிக்கிடுவேன்."

அக்கா சிரித்துச் சிரித்து இருமினார். பேனாவை அவளிடம் கொடுத்தார். அவள் எழுதி முடித்து மை காய்வதற்குள் பெங்களூருக்கு நம்பரைப் போட்டார். "வணக்கம் சார். இல்ல சார், எண்பத்தேழு இனிமே செய்யல. நாங்க நூறுல இருக்கோம்" என்றார். அந்தப் பக்கம் என்னவோ நீளமாகச் சொன்னார்கள். அக்கா பொறுமையாகக் கேட்டுக்கொண்டே, இன்னொரு கையால் எனக்கு அடுத்த மரக்கட்டையை எடுத்துக் கொடுத்தார்.